ஒரு விலா மேலே

அந்தக் குறியை நான்தான் போட்டேன். ஸ்கேன் பார்த்துப் போட்ட குறி அல்ல. அழிந்துபோன ஒரு குறியை நினைவில் வைத்து, ஊகத்தில், நீலப் பேனாவால் திரும்ப வரைந்தேன். அதை நம்பித்தான் ஒரு மனிதரின் கல்லீரலுக்குள் ஊசி இறங்கியது. தவறான இடத்தில் இறங்கியது. இரண்டு முறை.

மூன்று வருடங்கள் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். போன மாதம் ஒருவரிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; நீங்கள் பதற வேண்டாம். பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறார், நன்றாக இருக்கிறார். அவர் நன்றாக இருப்பதால்தான் என்னால் இதை எழுத முடிகிறது. இல்லையென்றால் எழுதியிருப்பேனா... மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வேலை. எக்ஸ்ரே எடுப்பதற்குப் படித்தவள். ஸ்கேன் டாக்டர் வரும்போது அவருக்குத் துணையாக நிற்பேன். படங்களை எடுத்து ஒட்டுவேன். நோயாளியை எப்படிப் படுக்க வைக்க வேண்டும், எப்போது மூச்சை அடக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு நிம்மதி. மேலங்கிப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். காலையில் மெஷினை இயக்க ஆறு வேலை, மாலையில் அணைக்க நான்கு. முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். "இவ மாப்பிள்ளையையும் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் பாப்பா" என்று வார்டு சிஸ்டர் கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். ஒழுங்கானவள் என்று பெயர் வாங்குவது யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த ஒழுங்கில்தான் ஓட்டை விழுந்தது.

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த மாதம் அது. வருடந்தோறும் அந்த மாதத்தில் வயிற்றுக்கடுப்புக்காரர்கள் வரிசையாக வருவார்கள். அவர்களுக்கு நடுவில் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். நாற்பது வயது இருக்கும். வலப்பக்கமாகச் சாய்ந்து, விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்து வந்தார். பத்து நாளாகக் குளிர்காய்ச்சல். வலி தோள்பட்டை வரை ஏறியிருந்தது. அவர் மனைவி கோமதி அக்கா பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தார்.

அறுவைச் சிகிச்சை டாக்டரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவர் கல்லீரலை அழுத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது ஒன்றுதான்.

"குடிப்பீரா?"

"டீ குடிப்பேன் சார். நாளைக்கு ஏழெட்டு."

"அதக் கேக்கல வே."

"அது வாயில வச்சதே இல்ல சார்."

டாக்டர் கோமதி அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டாளு குடிக்க மாட்டாவ டாக்டர். பட்டறையில எல்லாரும் இதையேதான் கேக்காவ. ஈரல்ல கட்டின்னதும் ஊரே இவாள ஒரு மாதிரியாப் பாக்குது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. கெட்ட தண்ணீர் போதும். அதன் வழியே அமீபா குடலுக்குள் போய், அங்கிருந்து கல்லீரலுக்கு ஏறி, திசுவைக் கரைத்துச் சீழ்க்கட்டியாக்கும். பெரும்பாலும் மாத்திரையிலேயே கரைந்துவிடும். கட்டி பெரிதாகி, வெளிச்சுவர் மெலிந்துவிட்டால்தான் ஆபத்து. உடைந்தால் வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ கொட்டும். அப்படிக் கொட்டியவர்களில் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை. அதனால் உடையும் முன்பே பெரிய ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுப்பார்கள்.

அண்ணாச்சிக்கு ஐந்து நாள் மெட்ரோனிடசோல் மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கேன் டாக்டர் மறுபடியும் பார்த்தார். கட்டி ஒரு சாத்துக்குடி அளவுக்கு வளர்ந்திருந்தது. கீழ்ப்பக்கச் சுவர் காகிதம்போல இருந்தது. "இன்னைக்கே எடுத்துரணும்" என்றார்.

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் கீழ்த்தளத்தில்; ஊசி போடும் அறை மாடியில். மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஸ்கேன் டாக்டர் கீழே இடத்தைப் பார்த்து, தோலில் ஒரு பெருக்கல் குறி போடுவார். எவ்வளவு ஆழம் என்று சீட்டில் எழுதுவார். மாடியில் பெரிய டாக்டர் அந்தக் குறியில் குத்துவார். பல ஊர்களில் அப்படித்தான் செய்துவந்தார்கள். அந்தக் குறி மட்டும்தான் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவே உள்ள பாலம்.

அண்ணாச்சியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொன்னேன். டாக்டர் குறி போட்டார். சீட்டில் ஆழத்தை எழுதினார். எந்த விலா இடைவெளி என்று எழுதவில்லை, குறிதான் இருக்கிறதே. உடனே தென்காசியில் இன்னொரு மருத்துவமனைக்குக் காரில் கிளம்பினார். நாலு மணிக்குத்தான் திரும்புவார்.

நோட்டில் நான் எழுதியிருந்தது இது. ஒன்று, இரத்தம் உறையும் நேரம் பார்த்தாயிற்றா. இரண்டு, சீட்டும் படமும் மாடிக்கு. மூன்று, குறி போட்ட இடத்தைத் துடைக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லவும். நான்கு, டாக்டர் வரும் நேரம் கேட்கவும்.

நான்குக்கும் டிக் போட்டேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. கோமதி அக்கா அப்போது வெளியே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார். மாடிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, நினைத்ததையே செய்ததாகக் கணக்கில் வைத்து, டிக் போட்டேன். பிறகு ஒரு கால் முறிவு எக்ஸ்ரே வந்தது. மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடிக்குப் போனேன். அண்ணாச்சி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். தலை சீவி, நெற்றியிலும் விலாவிலும் திருநீறு பூசி, மாப்பிள்ளைபோல இருந்தார். அறையில் சோப்பு வாசம்.

"குத்தப் போறாவ, குளிக்காம கொள்ளாம எப்பிடிப் போறது? அதான் ஈரத்துண்ட வச்சுத் தொடச்சு விட்டேன். பேனாக் கிறுக்கல் ஒண்ணு வேற கெடந்துச்சு. ரெண்டு தடவ சோப்புப் போட்டுத் தேச்சப்பொறவுதான் போச்சு" என்றார் கோமதி அக்கா, பெருமையாக.

நான் அண்ணாச்சியின் சட்டையை விலக்கினேன். திருநீறு. அதற்குக் கீழே சுத்தமான தோல்.

அன்று மின்தடை என்று எழுத எனக்கு ஆசை. அப்படி எழுதினால் உங்களுக்கும் என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் மின்சாரம் இருந்தது. மெஷின் கீழே சும்மாதான் இருந்தது. "குறி அழிந்துவிட்டது, சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்" என்று பெரிய டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏன் அழிந்தது என்று கேட்பார். சொல்லவில்லையா என்று கேட்பார். நோட்டைப் பார்ப்பார். அங்கே டிக் இருக்கும்...

படிக்கட்டில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் பேனாவை எடுத்தேன். விலா எலும்புகளை விரலால் எண்ணினேன். காலையில் எங்கே இருந்தது? அக்குளுக்கு நேர் கீழே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக... அந்த இடத்தில் திருநீற்றைத் துடைத்துவிட்டு ஒரு பெருக்கல் குறி போட்டேன். கோடு நேராகவே விழுந்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

"என்ன தங்கச்சி, மறுபடியும் கிறுக்குதிய?" என்றார் அண்ணாச்சி.

"அழிஞ்சு மங்கிப்போச்சு அண்ணாச்சி. நல்லாத் தெரியுத மாதிரி போடுதேன்" என்றேன்.

என் படிப்பின்படி நான் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை அந்த நிமிடத்தில் மறந்திருந்தேன். காலையில் குறி போட்டபோது அவர் சாய்ந்து படுத்து, கை தலைக்கு மேல் இருந்தது. நான் போட்டபோது மல்லாந்து, கை இடுப்போடு ஒட்டியிருந்தது. கையைத் தூக்கினால் தோல் மேலே இழுபடும். தோலோடு குறியும் போகும். இரண்டு விரற்கடை. ஒரு விலா இடைவெளி.

காலையில் போலவே அவரைச் சாய்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்க வைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். பிறகு பெரிய ஊசி. "மூச்ச விட்டுட்டு அப்பிடியே அடக்கும்" என்றார் டாக்டர். அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிரிஞ்சில் எதுவும் வரவில்லை. கொஞ்சம் இரத்தம் மட்டும் வந்தது. டாக்டர் ஊசியை வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றி மறுபடியும் செலுத்தினார். அப்போதுதான் அண்ணாச்சி அலறினார். உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது.

"மூச்ச அடக்கும்னு சொன்னேன்லா. இப்பிடித் துள்ளினா நான் எங்கன போய்க் குத்த?" டாக்டருக்கு வேர்த்திருந்தது.

"தப்புதான் சார்... தப்புதான். அறியாம விட்டுட்டேன்" என்றார் அண்ணாச்சி. கட்டிலில் குத்துப்பட்டுக் கிடந்தவர் மன்னிப்புக் கேட்டார். நான் அவர் தலைமாட்டில் நின்றேன். அவர் மூச்சை அடக்கித்தான் இருந்தார். அவர் வயிற்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குத்துக்கு அது அசையவே இல்லை.

டாக்டர் நிறுத்திவிட்டார். கேஸ் ஷீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார். நான்கு மணிக்கு ஸ்கேன் டாக்டர் வந்ததும் கீழேயே வைத்து, பார்த்துக்கொண்டே எடுத்துவிடலாம் என்று முடிவானது.

பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. நூறு, நூற்றுப் பத்து, நூற்று இருபத்திரண்டு. சிஸ்டர் கால் மணிக்கொரு தரம் பார்த்து எழுதினார். கட்டி உடைந்துவிட்டதா, குத்தின இடத்தில் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எக்ஸ்ரே அறைக்கும் மாடிக்கும் ஏழு முறை ஏறி இறங்கினேன். எண்ணினேன், ஆமாம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். ஒவ்வொரு முறையும் கோமதி அக்கா வாசலில் நின்று, "நல்லாயிருவாவள்லா?" என்று கேட்டார். நல்லாயிருவாவ என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நாலு மணிக்கு ஸ்கேன் டாக்டர் வந்தார். திரையில் கட்டி அப்படியே இருந்தது. உடையவில்லை. வயிற்றுக்குள் இரத்தமும் இல்லை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது... மூச்சு விட அனுமதி கிடைத்த மாதிரி.

ஸ்கேன் டாக்டர் திரையைப் பார்த்தபடியே, "கட்டி குத்துன எடத்துக்குக் கீழதான இருக்கு. நான் சரியாத்தான் குறி போட்டேன்" என்றார். பெரிய டாக்டர், "ஆளு மூச்ச விட்டுட்டாரு. ஈரல் ஏறி எறங்கிட்டு" என்றார். ஸ்கேன் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பக்கத்துலதான நின்ன? மூச்சு விட்டாரா?"

"ஆமா சார்."

டாக்டர்களிடம் நான் வாயால் சொன்ன பொய் இந்த இரண்டு சொற்கள்தான். மற்றதெல்லாம் மௌனம்.

ஊசி இறங்கியது. இந்த முறை அதன் நுனி கட்டிக்குள் நுழைவது திரையில் தெரிந்தது. சிரிஞ்சில் சீழ் ஏறியது: கருப்பட்டிப் பாகு நிறம், கெட்டியாக, நாற்றமே இல்லாமல். நாற்றம் இல்லை என்றால் அமீபா, மாத்திரைக்குக் கட்டுப்படும். சிரிஞ்சுக்குப் பின் சிரிஞ்சாக எடுத்துக் கண்ணாடி ஜாடியில் விட்டார்கள். முக்கால் ஜாடி நிறைந்தது. எடுக்க எடுக்க அண்ணாச்சியின் முகம் மாறியது. "யம்மா... கல்ல எறக்குன மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் இட்லி கேட்டார். இரண்டு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார். நான் வாசல்வரை போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது.

அதற்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் மாடியில் குத்துவது நின்றது. எல்லாம் கீழேதான், திரையைப் பார்த்துக்கொண்டேதான். அதற்குக் காரணம் என் தவறு என்று யாருக்கும் தெரியாது. ஒத்துழைக்காத ஒரு நோயாளி காரணம் என்றுதான் நினைக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். அண்ணாச்சி மறக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்கு வருவார். வரும்போதெல்லாம் வராந்தாவில் யாருக்காவது அந்தக் கதையைச் சொல்வார். போன மாதமும் சொன்னார். அன்று ஊசிக்குக் காத்திருந்தவர் மேலப்பாளையத்துப் பெரியவர் ஒருவர்.

"பாய், நான் சொல்லுதத நல்லாக் கேளும். மூச்ச மட்டும் விட்டுராதீரும். நான் விட்டுட்டேன். அதனால ரெண்டு குத்து சும்மா வாங்குனேன். டாக்டர் பேர்ல தப்பே கெடையாது. எல்லாம் என் கோளாறு."

"எம்புட்டு நேரம்வே பிடிக்கணும்?"

"அவுக விடச் சொல்லுத வரைக்கும்."

பெரியவர் அங்கேயே பழக ஆரம்பித்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்கள் பிதுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். முப்பத்தெட்டில் பெரியவருக்குத் தலை சுற்றி, அவர் மகன் வந்து பெஞ்சில் உட்கார வைத்தான். "ஈரல் கெடக்கட்டும், அதுக்கு முன்னாடி இவரு என்னய அனுப்பிருவாரு போலுக்கே" என்று பெரியவர் மூச்சு வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பார்? செய்யாத தவறுக்கு மூன்று வருடங்களாக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே...

அவர் முறை வந்தது. கோமதி அக்கா வெளியே கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் டாக்டர் பார்த்து, தழும்பு மட்டும்தான் இருக்கிறது, இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அண்ணாச்சி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். இனி வரவே வேண்டாம் என்றால் இனி சொல்லவே முடியாது. நான் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன்: டிக் போட்டது, சொல்ல மறந்தது, கோமதி அக்கா துடைத்தது, நான் வரைந்தது, ஆமா சார் என்றது. "நீங்க மூச்ச விடல அண்ணாச்சி. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் கை பித்தானிலேயே நின்றது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கோமதி தொடச்சதாலயா?" என்றார் கடைசியில்.

"அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லல."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்கு அப்பிடித் தெரியாது. அன்னைக்கு நான் அலறுனத வெளிய நின்னு கேட்டவ அவ. என் கையாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா சோறு எறங்காது அவளுக்கு." குரலைத் தாழ்த்தினார். "பைய பேசுங்க. இத அவகிட்ட சொல்லிராதிய. டாக்டர்மார்கிட்டயும் வேண்டாம். அவுக யார்கிட்டயாவது சொல்ல, அது அவ காதுக்கு வந்துரும்."

"அப்ப நீங்க..."

"நான் இப்பவும் அதையேதான் சொல்லுவேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அவர் நினைப்பெல்லாம் வெளியே உட்கார்ந்திருந்தவர் மேல் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு போனார். "என்ன சொன்னாவ?" என்று கோமதி அக்கா கேட்பது கேட்டது. "ஒண்ணும் இல்லயாம். இனிமே வரவே வேண்டாங்காவ" என்றார். அக்கா அங்கேயே கைகூப்பினார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், மனம் லேசாகத்தான் இருக்கிறது. ஒருவருக்காவது தெரியும் என்பது எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்று முன்பு எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த இளைப்பாறலை நான் எங்கிருந்து எடுத்தேன்? நான் சொல்லும்வரை அண்ணாச்சி வராந்தாவில் சொன்னது அவர் நம்பிய உண்மை. இனி அவர் சொல்லப்போவது பொய் என்று அவருக்கே தெரியும். மனைவிக்கு முன்னால், ஒவ்வொரு முறையும், தெரிந்தே சொல்வார்.

டாக்டர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குள் முதலில் வந்தது நிம்மதிதான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆவண அறையில் அந்த கேஸ் ஷீட் இருக்கிறது. நோயாளி ஒத்துழைக்கவில்லை என்றுதான் அதில் இருக்கிறது.